பனிநாட்டில் ஓர் அத்தி

அரிதாய் நிகழும் ஒன்றை ‘அத்தி பூத்தாற்போல’ என்று சொல்வது நம் வழக்கம். உண்மையில் அத்தி பூவாதிருப்பதில்லை. அதன் பூக்கள் காயைப் போன்ற உறைக்குள்ளே மறைந்திருக்கின்றன. நம் ஆற்றங்கரைகளில் நிற்கும் அத்திக்கு உறவான மற்றொரு மரமே சீமையத்தி. உலர்ந்த பழமாக நம் கடைகளுக்கு வருவது அதன் கனியே. மேற்காசியாவும் மத்தியதரைக் கடலோரமும் அதன் தாயகம். வெயிலுக்குப் பழகிய அம்மரம் பனி கொட்டும் நகரங்களில் எவ்வாறு உயிர் பிழைக்கின்றது என்பதே இன்று நாம் சிந்திக்கவிருக்கும் பொருள்.

1880 முதல் 1920 வரையான நாற்பதாண்டுகளில் ஏறக்குறைய 40 இலட்சம் இத்தாலியர் அமெரிக்காவுக்குச் சென்றனர். அவர்களுட் பெரும்பாலோர் தென்னித்தாலியிலும் சிசிலித் தீவிலும் வறுமையால் வாடியவர்கள். நியூயோர்க் நகரத்துப் புரூக்ளினில் ஒதுங்கியவர்கள், வீட்டின் பின்புறத்துச் சிறு வளவில் அத்தியை நாட்டினர். பிற்காலத்தில் கனடாவின் ரொறன்ரோ நகருக்குச் சென்றோரும் அவ்வாறே செய்தனர்.

இலையுதிர்ந்து உறங்கும் அத்தி, பூச்சியத்துக்குக் கீழே ஏறத்தாழ 10 பாகை செல்சியஸ் வரை குளிரைத் தாங்கும். அதனினும் குளிர் மிகுந்தால் கிளைகள் கருகும். வேர் பிழைத்து மறுபடி தளிர்ப்பினும், குறுகிய கோடைக்குள் காய் பழுப்பது அரிது. ஆகவே கிளைகளையும் காத்தல் வேண்டும்.

அதற்கு அவர்கள் கையாண்ட முறை வியப்புக்குரியது. இலைகள் உதிர்ந்தபின், மரத்தின் நீளத்துக்கு ஒரு குழி வெட்டுவர். கிளைகளைக் கயிற்றாற் சேர்த்துக் கட்டி, ஒரு பக்கத்து வேர்களை அறுத்து, மரத்தை மெல்லச் சாய்த்துக் குழியிற் கிடத்துவர். மேலே பலகையும் சருகும் இட்டு மண்ணால் மூடுவர். இளவேனிலில் தோண்டி நிமிர்த்துவர். பாரிசு நகரை அடுத்த ஆர்ஜந்தேய் ஊரவரும் முற்காலத்தில் அத்திக் கிளைகளை இவ்வாறே மண்ணிற் புதைத்துக் காத்தனர். சாய்க்க இயலாத மரத்தைச் சாக்காலும் பழங் கம்பளத்தாலும் சுற்றி, மழைநீர் இறங்காதவாறு உச்சியில் ஒரு வாளியைக் கவிழ்ப்பதும் உண்டு.

இவற்றின் நோக்கம் மரத்துக்குச் சூடேற்றுவதென்று எண்ணலாகாது. அதன் உறக்கம் கலையாமற் காப்பதே நோக்கம். வெதுவெதுப்புக் கண்டு முன்னதாகவே துளிர்க்கும் மரம் பின்வரும் பனியில் கருகிவிடும். ரொறன்ரோவில் வாழும் நம்மவர், சாடியில் வளர்க்கும் கறிவேப்பிலையை மாரியில் வீட்டுக்குள் வெளிச்சமான யன்னலோரம் வைப்பர். சாடியில் வளரும் அத்திக்கோ அவ்விடம் ஆகாது. உறைநிலைக்குச் சற்று மேற்பட்ட குளிருள்ள இருண்ட நிலவறையே அதற்கு ஏற்றது. மண் முற்றாகக் காயாதபடி இடையிடையே சிறிது நீர் போதும்.

ஆயினும், ஆண்டுதோறும் குழி வெட்டக் கையில் வலு வேண்டும். நட்டவர் முதுமையடைகிறார், பிள்ளைகள் வேறிடம் போகின்றனர், வீடு கைமாறுகிறது. மூடப்படாத மரம் ஒரே மாரியில் மடியக்கூடும். வித்திலிருந்து முளைப்பது தாய்மரத்தை ஒத்திராது; ஆதலால் அம்மரத்தோடு அவ்வினமும் அக்குடும்பத்துக்கு இல்லாமற் போகும்.

இதற்கு மாற்று மிக எளியது. மரத்தை மூடுமுன், அவ்வாண்டு வளர்ந்து முற்றிய, பென்சிற் பருமனுள்ள கிளையிலிருந்து 15 முதல் 20 சதமமீற்றர் நீளத்துண்டுகள் சிலவற்றை, கணுவுக்குச் சற்றுக் கீழே வெட்டி எடுத்தல் வேண்டும். ஈரத்தாளிற் பொதிந்து, உறையாத குளிர்ப்பெட்டியில் வைத்தால் வேனில் வரை கெடாது. பின் நுனி மேலாக இருக்கத் துண்டின் பெரும்பகுதியை நீர் தங்காத மணற்கலவையிற் புதைத்து, இருபது பாகைக்குச் சற்று மேற்பட்ட வெப்பத்தில் வைத்தால் சில வாரங்களில் வேர்விடும். மண் ஈரமாயிருக்கலாம், நீர் தேங்கினால் துண்டு அழுகும்.

இங்கே ஒரு எச்சரிக்கை. வேருக்கு முன் இலை தோன்றுவதுண்டு. அது தண்டிலுள்ள சேமிப்பைச் செலவிட்டு எழும் தளிர். அதனைக் கண்டு மகிழ்ந்து, துண்டைப் பிடுங்கி இடம் மாற்றினாலும் வெயிலில் வைத்தாலும் வாடிப்போகும். வேர் பரவும் வரை பொறுத்திருத்தல் வேண்டும்.

வேர்விட்ட கன்றுகளில் ஒன்றைத் தமக்கு வைத்து, ஏனையவற்றை மகளுக்கும் அயலவருக்கும் கொடுப்பவர் அறிவாளர். தம் மரம் ஒருநாள் பனியில் மடிந்தாலும், அதே மரத்தின் கிளையை அயல் வளவிலிருந்து அவர் திரும்பப் பெறலாம். குழி வெட்டும் உழைப்பு ஒரு மாரிக்கு மரத்தைக் காக்கும். கொடுத்த கிளையோ பல தலைமுறைக்குக் காக்கும்.