ஏடு பெயர்த்தெழுதும் கலையும் இணையமும்



இணையம் வந்தபின் கடிதம் எழுதுவது போயிற்று, ஆற அமரப் பேசுவது போயிற்று என்று நாம் வருந்தாத நாளில்லை. அந்த வருத்தத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் அதே இணையத்தால் நமக்குத் திரும்பக் கிடைத்த பழைய கலை ஒன்று உண்டு. அதைப் போதிய அளவுக்கு நாம் மதிக்கவில்லை என்பது என் எண்ணம். ஏடு பெயர்த்தெழுதும் கலையைத்தான் சொல்கிறேன்.

பனையோலை நம் ஊர்ப் புழுக்கத்துக்கும் பூச்சிக்கும் ஈடுகொடுத்துச் சில நூறு ஆண்டு தாங்கினாலே பெரிது. நைந்துபோவதற்குள் யாராவது அதைப் பார்த்துப் புது ஓலையில் எழுதியாக வேண்டும். எழுத ஆளில்லாத நூல் அத்தோடு போயிற்று. சங்க நூல்கள் 19ஆம் நூற்றாண்டு வரை வந்து சேர்ந்தது, எழுத்தாணி பிடித்த எத்தனையோ கைகளின் உழைப்பால். சில சுவடிகளின் கடைசி ஓலையில், இன்னார் எழுதியது, இன்ன நாளில் எழுதி முடிந்தது என்று ஒரு குறிப்பு இருக்கும். அவர்களைப் பற்றி நமக்குக் கிடைக்கும் வரலாறு பெரும்பாலும் அவ்வளவுதான்.

1887ஆம் ஆண்டில் சி.வை. தாமோதரம்பிள்ளை கலித்தொகையையும், உ.வே. சாமிநாதையர் சீவக சிந்தாமணியையும் அச்சில் கொண்டுவந்தார்கள். அச்சு பரவப் பரவ, பெயர்த்தெழுதும் வேலை வீட்டுத் திண்ணையை விட்டு அச்சகத்துக்குப் போய்விட்டது. படிப்பவர் வேறு, நூலைப் படியெடுப்பவர் வேறு என்றாகி ஒரு நூற்றாண்டு கழிந்தது.

அந்த வேலை மறுபடி படிப்பவர் கைக்கு வந்தது, 1998ஆம் ஆண்டு பொங்கல் நாளில் தொடங்கிய மதுரைத் திட்டத்தால். சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் வேதியியல் அறிஞராக இருந்த முனைவர் கு. கல்யாணசுந்தரம் அதைத் தலைமையேற்று நடத்தினார். அமெரிக்காவின் வர்ஜீனியாவிலிருந்து முனைவர் குமார் மல்லிகார்ஜுனன் துணை நின்றார். பழந்தமிழ் நூல்களைத் தட்டச்சு செய்து, யார் வேண்டுமானாலும் விலையின்றி எடுத்துக்கொள்ளும்படி இணையத்தில் வைப்பது என்பதே திட்டம். யாருக்கும் சம்பளம் கிடையாது. பல நாடுகளில் இருந்த தமிழர்கள், அலுவலகம் முடிந்து வந்தபின் ஆளுக்கொரு நூலை எடுத்து எழுத்தெழுத்தாகத் தட்டினார்கள். திட்டத்தின் நூல்பட்டியலில் முதல் எண் திருக்குறளுக்கு. மின்னூலின் முகப்பில் தட்டச்சு செய்தவர் யார், மெய்ப்புப் பார்த்தவர் யார் என்று பெயர் சொல்லி நன்றி கூறியிருக்கும். பழைய சுவடியின் கடைசி ஓலை எனக்கு நினைவுக்கு வருவது அங்கேதான்.

அன்றைக்கு அது எளிய வேலையாகவும் இருக்கவில்லை. ஆளுக்கொரு எழுத்துரு இருந்த காலம். ஓர் எழுத்துருவில் அடித்ததை இன்னொன்றில் திறந்தால் பொருளற்ற குறிகள்தான் தெரியும். கல்யாணசுந்தரமே மயிலை என்ற எழுத்துருவை உருவாக்கியவர். பிறகு திஸ்கி என்ற பொதுக் குறியீடு வந்தது, அதன்பின் ஒருங்குறி. குறியீடு மாறும்போதெல்லாம் சேர்த்து வைத்த நூல்களையும் மாற்றியாக வேண்டும். ஓலை நைந்தால் புது ஓலைக்கு மாற்றிய அதே கடமைதான்.

இந்த உழைப்பு நம் படிப்பை எப்படி மாற்றியது என்பதற்கு ஒன்று சொல்கிறேன். பழந்தமிழ் இலக்கியத்தில் ஒரு சொல் எங்கெங்கே வருகிறது என்று காட்டும் சொல்லடைவைப் புதுச்சேரியின் பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் 1967 முதல் 1970 வரை மூன்று தொகுதிகளாக வெளியிட்டது. அறிஞர்கள் சொல் சொல்லாகத் திரட்டிச் செய்த பெரும்பணி அது. இன்று கல்லூரி மாணவி ஒருத்தி கைப்பேசியில் ஒரு சொல்லைத் தட்டினால், அது வரும் பாடல்கள் கண்முன் வந்து நிற்கின்றன. பெரிய நூலகம் எட்டிக்கூடப் பார்க்காத ஊரிலும் இது நடக்கிறது. யாரோ முன்பின் அறியாதவர்கள் அந்த நூல்களை எழுத்தாகத் தட்டி வைத்ததால்தான்.

எழுத்தாக என்று நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. பக்கத்தைப் படம் பிடித்து வைப்பது பாதுகாப்பு; அதை எழுத்தாக்குவது படிப்பு. படத்துக்குள் சொல்லைத் தேட முடியாது. எழுத்துணரி என்ற கணினிச் செயலி படத்தை எழுத்தாக மாற்றித் தருகிறது, உண்மைதான். ஆனால் அது 'மரம்' என்பதை 'மாம்' என்று படித்துவிடும். ஓலைச்சுவடியில் மெய்யெழுத்துக்குப் புள்ளி இல்லை. துணைக்காலும் ரகரமும் ஒரே வடிவம். பதிப்பாசிரியர்கள் எந்த இடத்தில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு உட்கார்ந்தார்களோ, இயந்திரம் இன்றும் அதே இடத்தில் தடுக்கி விழுகிறது. பொருள் தெரிந்த ஒருவர் படித்துப் பார்த்தால்தான் மரம் மரமாகும்.

கண்ணுக்கே தெரியாத பிழைகளும் உண்டு. ஔவையாரின் பெயரைத் தட்டும்போது பலர் முதலெழுத்தை ஒரே எழுத்தாக அடிப்பதில்லை. ஒகரத்தையும் ளகரத்தையும் அடுத்தடுத்து அடித்துவிடுகிறார்கள். திரையில் பார்த்தால் இரண்டும் ஏறத்தாழ ஒன்றுபோல இருக்கும். கணினிக்கோ அது வேறு சொல். சரியாகத் தட்டித் தேடுகிறவருக்கு அந்தப் பக்கம் அகப்படாமலே போகும். நூல் இருந்தும் இல்லாததாகிவிடும்.

இந்தக் கலையின் குறைகளையும் சொல்லத்தான் வேண்டும். தொடக்க கால மின்னூல்கள் பலவற்றில் எந்தப் பதிப்பைப் பார்த்துத் தட்டினார்கள் என்ற குறிப்பு இல்லை. பதிப்பாசிரியர் அடிக்குறிப்பில் அரும்பாடுபட்டுத் திரட்டித் தந்த பாடபேதங்கள் விடுபட்டுப் போயின. ஓலையில் ஒருவர் செய்த பிழை ஓர் ஊரோடு நிற்கும். இணையத்தில் செய்த பிழை ஒரே நாளில் உலகமெங்கும் படியெடுக்கப்படும்.

அந்தக் குறைக்கு நல்ல மருந்தாக நான் கருதுவது விக்கிமூலம் என்ற கட்டற்ற இணைய நூலகத்தின் முறையை. அங்கே அச்சுப் பக்கத்தின் படமும் அதன் எழுத்தும் அருகருகே இருக்கும். எது எந்தப் பதிப்பு என்ற சந்தேகத்துக்கே இடமில்லை. மெய்ப்புப் பார்க்காத பக்கத்துக்குச் சிவப்பு நிறம். ஒருவர் பார்த்துத் திருத்தியதும் மஞ்சள். வேறொருவர் மறுபடி சரிபார்த்தால் பச்சை. தமிழ் இணையக் கல்விக்கழகம் வழங்கிய நாட்டுடைமை நூல்கள் இரண்டாயிரத்துக்கு மேல் அங்கே இருக்கின்றன. பெரும்பகுதிப் பக்கங்கள் இன்னும் சிவப்பில்தான் கிடக்கின்றன. இதைச் சொல்லும்போது எனக்கு மனம் வலிக்கிறது.

யாழ்ப்பாணத்தை விட்டுவிட்டு இந்தப் பேச்சை முடிக்க முடியாது. 1981இல் யாழ் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பலாயின. சுவடிகளும் கூடவே எரிந்தன. 2005இல் தொடங்கிய நூலகம் என்ற எண்ணிம நூலகம் இலங்கைத் தமிழ் ஆவணங்களை ஒவ்வொன்றாகத் திரட்டி வருகிறது. நூல்கள், இதழ்கள் மட்டுமா? பாடசாலை மலர்கள், கோயில் குடமுழுக்கு மலர்கள், இறந்தவரின் 31ஆம் நாளில் குடும்பத்தார் அச்சிட்டுக் கொடுக்கும் நினைவு மலர்கள் வரை சேர்க்கிறார்கள். ஓர் ஊரின் உறவுமுறையும் தொழிலும் இடப்பெயர்வும் அந்தச் சிறு மலர்களில்தான் பதிந்திருக்கின்றன. பெரும்புலவரின் காப்பியத்தைக் காப்பதோடு இதையும் ஒப்ப மதித்தது, நம் பதிப்பு மரபில் ஒரு பெரிய முன்னேற்றம் என்றே சொல்வேன்.

படம் பிடிக்க இன்று கருவிகள் வந்துவிட்டன. மெய்ப்புப் பார்க்கத்தான் ஆளில்லை. தமிழ் படித்த கண் வேண்டும், பொறுமை வேண்டும், வேறெதுவும் வேண்டாம். ஓய்வு பெற்ற தமிழாசிரியர்களே, அச்சகங்களில் மெய்ப்புத் திருத்திப் பழகியவர்களே, உங்களைத்தான் கேட்கிறேன். பேரப்பிள்ளைகளிடம் சொன்னால் விக்கிமூலத்தைத் திறந்து காட்டுவார்கள். நாளுக்கு ஒரு சிவப்புப் பக்கத்தை எடுத்துத் திருத்துங்கள். உங்கள் வீட்டுப் பரணில் பழைய ஊர் மலரோ நின்றுபோன சிற்றிதழோ இருந்தால், பழைய தாளுக்குப் போடும் முன் இத்தகைய எண்ணிம நூலகம் ஒன்றுக்கு எழுதிக் கேளுங்கள்.