பழக்கமே!



குடும்ப நிம்மதியைக் கெடுப்பது வறுமையே என்று எதிரணித் தோழர் கண்கலங்கப் பேசினார். நான் இந்த ஊர்க்காரன். பழக்கமே என்று சொல்ல வந்திருக்கிறேன்.

எங்க தெருவில் ஒரு தம்பி. எண்ணூர்த் துறைமுகத்துக்கு டிரெய்லர் ஓட்டுகிறவன். முதுகு வலிக்கு டாக்டர் பத்து நாளைக்கு டிரமடால் எழுதினார். இவன் அதே சீட்டை வைத்து இரண்டு வருஷம் வாங்கிப் போட்டான். கல்யாணமாகிக் குழந்தை இல்லை. மருமகளை ஸ்கேனுக்குக் கூட்டிப் போனார்கள். கோயில் கோயிலாகச் சுற்ற வைத்தார்கள். "என் பிள்ளைக்கு என்னம்மா, சிங்கம்!" என்றார் மாமியார். அந்தச் சிங்கத்தை யாருமே பரிசோதிக்கவில்லை! (சிரிப்பு)

கடைசியில் ஒரு டாக்டரம்மா கேட்டார்: "தம்பி, நீங்க என்ன மாத்திரை சாப்பிடுறீங்க?" சோதித்தால் டெஸ்டோஸ்டிரோன் குறைவு, உயிரணுவும் குறைவு.

ஏன்? மூளையில் ஹைபோதலாமஸ் என்று ஒரு பகுதி. அது பிட்யூட்டரிக்கு உத்தரவு போடும். பிட்யூட்டரி விரைக்கு உத்தரவு போடும். அப்புறம்தான் ஆண் ஹார்மோன் சுரக்கும், உயிரணு உருவாகும். அபின் வகை மாத்திரை நாள்பட உள்ளே போனால் மேலதிகாரியையே தூங்க வைத்துவிடும். கலெக்டரே தூங்கினால் தாசில்தார் ஆபீசில் ஃபைல் நகருமா ஐயா? (கைதட்டல்)

இது புதுக் கதை இல்லை. மெத்தடோன் எடுத்த ஆண்களிடம் இந்தக் குறைவை 1975-லேயே அமெரிக்க ஆய்வாளர்கள் எழுதினார்கள். அபின் வகை வலி மருந்துகள் எல்லாவற்றுக்கும் இந்த எச்சரிக்கையை அந்நாட்டு மருந்துத் துறை 2016-ல் விடுத்தது. நம் நாட்டில் 2018-ல் டிரமடால் போதைப்பொருள் சட்டத்துக்குள் வந்தது.

புற்றுநோய் வலியில் துடிப்பவருக்கு மார்பின் வேண்டும். அதைக் குறை சொல்ல நான் வரவில்லை. பழகியவரும் பட்டென்று நிறுத்தக் கூடாது. டாக்டர் சொல்கிறபடி படிப்படியாகக் குறைக்க வேண்டும். ஹார்மோன் பலருக்குத் திரும்பும். புது உயிரணு உருவாக ஏறக்குறைய மூன்று மாதம் ஆகும். அவசரப்பட்டு டெஸ்டோஸ்டிரோன் ஊசி போட்டால் உள்ள உயிரணுவும் குறையும்!

எதிரணி நண்பரே, பத்து நாள் மாத்திரை வலிக்கு. மிச்ச இரண்டு வருஷம் எதற்கு? பழக்கத்துக்கு! வறுமை அவனுக்கு வலியைத்தான் கொடுத்தது. தொட்டிலைத் தள்ளி வைத்தது பழக்கம்!

தாய்மார்களே, அடுத்த முறை மருமகளைக் கோயில் சுற்ற அனுப்புமுன், மகனுடைய சட்டைப் பையை ஒரு தடவை பாருங்கள். (கைதட்டல்)