டக்ளஸ் நிக்கல்ஸ்: ஆட்டக்களமும் அறப்பணியும்



கல்விச் சங்கத்தின் வெள்ளி விழாவில் விளையாட்டு வீரர் ஒருவரைப் பற்றி நாம் பேசுவது சிலருக்கு வியப்பளிக்கலாம். ஆஸ்திரேலிய ஆதிக்குடிகளான யோர்ட்டா யோர்ட்டா மக்களிடையே தோன்றிய டக்ளஸ் நிக்கல்ஸின் வாழ்வு, களத்தில் பெறும் புகழ் எதைத் தரும், எதைத் தராது என்பதை நமக்குக் காட்டுகிறது.

அவர் 1906இல், நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில், முர்ரே ஆற்றங்கரையிலுள்ள கம்மராகஞ்சா குடியிருப்பில் பிறந்தார். அவ்வூர்ப் பள்ளியில் பல்லாண்டுகள் ஆசிரியராக விளங்கிய தாமஸ் ஷாட்ராக் ஜேம்ஸ், மொரீசியஸ் தீவில் இந்தியப் பெற்றோருக்குப் பிறந்தவர். நல்லாசிரியர் இருந்தும், ஆதிக்குடிப் பிள்ளைகளுக்கு அரசு வகுத்த பாடம் மூன்றாம் வகுப்பின் தரத்தைத் தாண்டவில்லை. நிக்கல்ஸின் எட்டாம் வயதில், அவருடைய தமக்கை ஹில்டாவைக் காவலர் வலிந்து கொண்டு சென்று, வீட்டு வேலை பழக்கும் விடுதியில் சேர்த்தனர். பதினான்காம் வயதில் அவரும் பள்ளியை விட்டு வேலைக்குச் சென்றார்.

உயரம் 158 செ.மீ. மட்டுமே; கால்களோ காற்றெனப் பறப்பவை. 1929இல் வாரக்னபீல் ஊரின் பரிசு ஓட்டத்தில் வென்றவர் அவர். ஓர் அணிக்குப் பதினெண்மர் ஆடுவதும், பந்தைக் கையாலும் காலாலும் கொண்டு செல்வதுமான ஆஸ்திரேலியக் கால்பந்தில் அவ்வேகம் பெருஞ்செல்வமன்றோ? ஆயினும் 1927இல் மெல்போர்னின் கார்ல்டன் அணியை நாடியபோது, ஆட்டக்காரரின் தசைகளைப் பிடித்துவிடும் பணியாளர் அவர் உடலைத் தொட மறுத்தனர். நிறத்தின் பெயரால் அவர் விலக்கப்பட்டார். இதற்கு நம் மொழியில் என்ன பெயர் என்பதை இவ்வவைக்கு நாம் விளக்க வேண்டுவதில்லை.

நார்த்கோட் அணி அவரை ஏற்றது. 1929இல் வாகை சூடியது. 1932 முதல் 1937 வரை பிட்ஸ்ராய் அணிக்காக 54 ஆட்டங்கள் ஆடினார். அங்கு உடைமாற்றும் அறையில் தனித்து ஒதுங்கியிருந்த அவரருகே சென்று அமர்ந்தவர், புகழின் உச்சியிலிருந்த ஹேடன் பன்டன். 1935இல் விக்டோரியா மாநில அணியிலும் நிக்கல்ஸ் இடம்பெற்றார்.

"திறமையிருந்தால் எவரும் உயரலாம், நிக்கல்ஸைப் பாருங்கள்" என்பார் உளர். நிக்கல்ஸ் பந்தடித்து வென்றதனால் கம்மராகஞ்சாப் பிள்ளைகளுக்கு நான்காம் வகுப்பு திறந்துவிடவில்லை. இதனை அவரே உணர்ந்திருந்தார். கிறித்தவப் போதகராகி, நகரத்து ஆதிக்குடியினரிடையே பணியாற்றினார். துணைவியார் கிளாடிஸுடன் சேர்ந்து, நகருக்கு வந்த ஆதிக்குடிப் பெண்களுக்கு நார்த்கோட்டில் விடுதி அமைத்தார். தமக்கையை விடுதிக்குப் பறிகொடுத்தவர் எழுப்பிய விடுதி அது! 1957இல் ஆதிக்குடியினர் முன்னேற்றக் கழகத்தை நிறுவியோருள் ஒருவரானார். 1972இல் 'சர்' பட்டமும், 1976இல் தென் ஆஸ்திரேலிய ஆளுநர் பதவியும் பெற்றார். இரண்டிலும் ஆதிக்குடியினருள் அவரே முதல்வர். 1988இல் மறைந்து, பிறந்த மண்ணிலேயே அடக்கமானார்.

மாணவச் செல்வங்களே! விளையாடுங்கள், வெல்லுங்கள். ஆனால் வேகமாக ஓட இயலாத பிள்ளைக்கும் பள்ளியும் விடுதியும் வேண்டும். அதற்காகவே இச்சங்கம் இருபத்தைந்து ஆண்டுகள் உழைத்துள்ளது. நாமும் தொடர்ந்து உழைப்போம்.