பிரீமியத்தின் வரி போச்சு; பிரீமியம் போச்சா?

மெஷினை நிறுத்திவிட்டு வந்திருக்கிற பவர் டேபிள் தையல் யூனிட் நண்பர்களே!

2025 செப்டம்பர் 22-ம் தேதி ஒரு நல்ல காரியம் நடந்தது. குடும்ப மருத்துவக் காப்பீட்டுக்குப் போட்டிருந்த 18 சதவீத ஜிஎஸ்டியை அடியோடு எடுத்துவிட்டார்கள். நல்லது, வரவேற்போம். ஆனால் அதற்குத் தீபாவளிப் பரிசு என்று பேர் வைத்தார்கள் பாருங்கள், அங்கேதான் எனக்குக் கோபம் வருகிறது. 2017 ஜூலையில் 18 சதவீதம் போட்டது யார்? எட்டு வருஷம் வாங்கித் தின்றது யார்? 2023-24 ஒரே ஆண்டில் மருத்துவக் காப்பீட்டுப் பிரீமியத்தில் வசூலான வரி 8,200 கோடி ரூபாய்க்கு மேல். பாராளுமன்றத்தில் மத்திய அரசே கொடுத்த கணக்கு இது. இனிமேல் உன் பாக்கெட்டில் கை விட மாட்டேன் என்று சொல்வது பரிசா?

2024-ல் மத்திய அமைச்சர் நிதின் கட்காரி இந்த வரியை எடுக்கச் சொல்லி நிதியமைச்சர் நிர்மலா சீதாராமனுக்குக் கடிதம் எழுதினார். ஒரே அமைச்சரவையில் இருக்கிறவர்களுக்குள் கடிதப் போக்குவரத்து! எதிர்க்கட்சி எம்பிக்கள் பாராளுமன்ற வாசலில் ஆர்ப்பாட்டம் செய்தார்கள். நாமும் கைதட்டினோம். ஆனால் ஜிஎஸ்டி கவுன்சிலில் எதிர்க்கட்சிகள் ஆளும் மாநிலங்களும்தான் உட்கார்ந்திருந்தன. அந்த வரியில் மாநிலங்களுக்கும் பங்கு வந்தது. இதைச் சொன்னால் இந்த மேடையிலேயே சிலர் முகம் சுளிப்பார்கள். சுளிக்கட்டும்.

சரி, வரி போச்சு. பிரீமியம் போச்சா? 30,000 ரூபாய் பிரீமியத்துக்கு 5,400 வரி சேர்த்து 35,400 கட்டிக்கொண்டிருந்தீர்கள். அடுத்த புதுப்பிப்பில் கம்பெனி பிரீமியத்தை 18 சதவீதம் ஏற்றினால் திரும்பவும் அதே 35,400. 60 வயது தாண்டியவர்களுக்கு வருஷத்துக்கு 10 சதவீதத்துக்கு மேல் ஏற்ற வேண்டுமானால் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தைக் கேட்க வேண்டும் என்று 2025 ஜனவரியில் உத்தரவு போட்டார்கள். வருஷம் 10 சதவீதம் ஏறினாலே ஏழெட்டு வருஷத்தில் இரட்டிப்பு ஆகிவிடும், கணக்குப் போட்டுப் பாருங்கள். 60-க்குக் கீழே இருப்பவனுக்கு அந்த வேலியும் இல்லை. இன்னொன்று, நாம் நூறு பேர் சங்கமாகச் சேர்ந்து குரூப் பாலிசி எடுத்தால் 18 சதவீத வரி அப்படியே இருக்கிறது. தனித்தனியாகப் போனால் வரி இல்லை, ஒன்றுசேர்ந்தால் வரி!

இவ்வளவும் கட்டி ஆஸ்பத்திரிக்குப் போகிறோம். ஐந்து லட்ச ரூபாய் பாலிசி. அறை வாடகை ஒரு சதவீதம், அதாவது நாளுக்கு 5,000 என்று உள்ளே ஒரு நிபந்தனை இருக்கும். அட்மிஷன் கவுன்டரில், 'அந்த ரூம் காலி இல்லைங்க, 8,000 ரூபாய் ரூம்தான் இருக்கு' என்பார்கள். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிற அப்பாவை வைத்துக்கொண்டு யார் பேரம் பேசுவது? கையெழுத்துப் போடுகிறோம். வாடகை வித்தியாசம் 3,000-தானே என்று நினைக்கிறோம். டிஸ்சார்ஜ் அன்றைக்குத்தான் தெரிகிறது, டாக்டர் ஃபீஸ், ஆபரேஷன் தியேட்டர், நர்சிங் எல்லாவற்றையும் எட்டில் ஐந்து பங்காகக் குறைத்துவிட்டார்கள் என்பது. அந்த வகையில் 1,60,000 ஆகியிருந்தால் கம்பெனி தருவது ஒரு லட்சம். 60,000-க்கு நகையை எடுத்துக்கொண்டு அடகுக் கடைக்கு ஓட வேண்டும். மருத்துவக் காப்பீடு மட்டுமே விற்கிற தனி நிறுவனங்கள் 2023-24-ல் நூறு ரூபாய் பிரீமியம் வாங்கி சுமார் 65 ரூபாயைத்தான் கிளெய்மாகக் கொடுத்தன. இது ஒழுங்குமுறை ஆணையத்தின் ஆண்டறிக்கையில் அச்சாகியிருக்கும் கணக்கு.

இப்போது இந்தப் பந்தலைப் பாருங்கள். நம்மிடம் தையல் மெஷினில் உட்காருகிற தம்பிக்கு, கம்பெனி ஒழுங்காகக் கட்டினால், 21,000 சம்பளம் வரை இஎஸ்ஐ உண்டு. முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்துக்கு வருஷ வருமானம் 1,20,000-க்குள் இருக்க வேண்டும். 72,000 என்று இருந்ததை ஏற்றித்தான் இந்த 1,20,000. மாசம் 10,000! நாலு மெஷின் போட்டு, மூணு மாசம் பில் பாக்கியில் ஜாப் ஒர்க் செய்கிறவன் விஏஓவிடம் போய் என்ன வருமானம் எழுதச் சொல்வான்? பொய் சொன்னால் கார்டு, உண்மை சொன்னால் நடுத்தெரு. 70 வயதானால் வருமானம் பார்க்காமல் ஐந்து லட்ச ரூபாய்க் காப்பீடு என்று மத்திய அரசு 2024 அக்டோபரில் தொடங்கியது. 70 வரை நெஞ்சுவலி காத்திருக்குமா, அய்யா?

காப்பீடே ஏமாற்று, அரசு ஆஸ்பத்திரியைப் பலப்படுத்து என்கிறார்கள் நம் தோழர்கள் சிலர். பாதிக்கு மேல் ஒத்துக்கொள்கிறேன். சுகாதாரத்துக்கு உள்நாட்டு உற்பத்தியில் 2.5 சதவீதம் ஒதுக்குவோம் என்று 2017-ல் எழுதினார்கள், 2021-22 கணக்கில் மத்திய, மாநில அரசுகள் எல்லாம் சேர்ந்து 1.84. அந்தச் சண்டையை விட வேண்டாம். ஆனால் அதை ஜெயிக்கிறவரை இன்றைக்கு ராத்திரி ஆம்புலன்சில் ஏறுகிறவனுக்குப் பதில் வேண்டும்.

வருமான வரம்புக்கு மேலே இருக்கிறவனையும் பணம் வாங்கிக்கொண்டு அரசுத் திட்டத்தில் சேர்க்க முடியுமா என்றால், செய்து காட்டியிருக்கிறார்கள். ராஜஸ்தானில் 2021-ல் சிரஞ்சீவி திட்டம் என்று கொண்டுவந்தார்கள். இலவசத்துக்குத் தகுதி இல்லாத குடும்பம் வருஷம் 850 ரூபாய் கட்டினால் உள்ளே வரலாம் என்றார்கள். 850! நமக்கு 3,000 என்று வைக்கட்டும், கட்டுகிறோம். அரசு திட்டத்தில் தருகிற கட்டணம் கட்டுப்படியாகாது என்று தனியார் ஆஸ்பத்திரிகள் மறுக்கும், அது நிஜமான சிக்கல்தான். அதற்கு அரசு விலையை நியாயமாகத் திருத்த வேண்டும், பாக்கியைத் தேதி தவறாமல் கொடுக்க வேண்டும். ஆஸ்பத்திரிக் கட்டணத்துக்கு வரையறை வைக்க 2012-லேயே மத்திய அரசு விதி எழுதியது. ஏன் இன்னும் நிர்ணயிக்கவில்லை என்று 2024-ல் உச்ச நீதிமன்றம் கேட்டது. ஆஸ்பத்திரிக் கட்டணத்தைக் கட்டுப்படுத்தாமல் பிரீமியத்தை மட்டும் கட்டுப்படுத்த நினைப்பது, அணையில் ஷட்டரைத் திறந்துவிட்டு வாய்க்காலில் மண் மூட்டை போடுவது மாதிரி.

தேர்தல் நேரத்தில் வேட்பாளர்கள் நம் யூனிட்டுக்குள்ளேயே வருவார்கள். டீ கொடுங்கள், கேளுங்கள்: 1,20,000-க்கு மேலே இருக்கிறவன் பணம் கட்டிச் சேர முதல்வர் திட்டத்தில் கதவு திறப்பீர்களா? சங்க குரூப் பாலிசியின் வரியை எடுக்கக் கவுன்சிலில் பேசுவீர்களா? ஆஸ்பத்திரி வாசலில் அறை வாடகை முதல் ஆபரேஷன் வரை விலைப்பலகை வைக்கச் சொல்வீர்களா? வாயால் சொன்னால் போதாது, எழுதிக் கேளுங்கள். இந்த மூன்றையும் தீர்மானமாக இந்தக் கூட்டத்தின் முன் வைக்கிறேன். ஆதரிக்கிறவர்கள் கை தூக்குங்கள்.