பானெட்டுக்கு அடியில் ஒரு போர்வை
(பழைய மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



"தலைப்பு உங்க இஷ்டமுங்க, ஆனா பத்து நிமிஷத்துக்கு மேல போகக் கூடாது" என்று செயலாளர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். நான் மெக்கானிக்கல் படித்துவிட்டு, கரூரில் பஸ் பாடி கட்டும் பட்டறைகளில் பல வருஷமும், பிறகு கோவையில் கார் சர்வீஸிலும் காலம் தள்ளியவன். எனக்குத் தெரிந்ததைத்தானே நான் பேச முடியும்? கார் பானெட்டைத் தூக்கினால், அதன் அடிப்பக்கத்தில் கறுப்பாக ஒரு மெத்தை கிளிப் போட்டு மாட்டியிருக்கும், பார்த்திருப்பீர்கள். அது எதற்கு என்பதுதான் இன்றைய பேச்சு.

சின்ன விஷயம்தான். ஆனால் அதைப் பற்றிக் கேட்டு வருகிறவர்கள் நிறையப் பேர். "எலி கடிச்சுப் போட்டுது, கழட்டி எறிஞ்சுட்டேன், பரவாயில்லீங்களா?" என்று ஒருவர். "அது இருந்தா சூடு உள்ளேயே நிக்குதாமே, எடுத்துடலாமா?" என்று இன்னொருவர். மூன்றாமவர் ஒன்றும் கேட்கமாட்டார். சோபாவுக்குப் போடுகிற ஃபோமை வாங்கித் தானே ஒட்டிக்கொண்டு வந்து நிற்பார். இந்த மூன்று பேருக்கும் சேர்த்துத்தான் பதில் சொல்லப் போகிறேன்.

முதலில் நம்ம ஊர் பஸ்ஸிலிருந்து ஆரம்பிக்கிறேன். 1920-இல் ஜி.டி. நாயுடு அவர்கள் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே பஸ் ஓட்டத் தொடங்கினார். அன்றிலிருந்து பஸ் நம் கொங்கு நாட்டு வாழ்க்கையில் ஒரு பாதி. முன்பக்கம் இன்ஜின் வைத்த பஸ்களில் டிரைவருக்குப் பக்கத்திலேயே இன்ஜின் பெட்டி இருக்கும். கூட்டம் என்றால் அதன் மேலும் ஆள் உட்கார்ந்திருப்பார்கள். உட்கார்ந்து பார்த்தவர்களுக்குத் தெரியும்: கீழே சூடு, காதில் இரைச்சல், உடம்பு முழுக்க அதிர்வு. பயணிக்கு அது ஒரு மணி நேரப் பாடு. டிரைவருக்கோ வருஷம் முழுக்க, தினமும் அதே பாடு. அந்த மூடிக்கு அடியில் என்ன போடுகிறோம் என்பதில் ஒரு மனிதனின் காதும் காலும் இருக்கிறது. காரில் அதே வேலையை மெல்லிசாகச் செய்வதுதான் பானெட் மெத்தை.

அதன் முதல் வேலை சத்தத்தைக் குடிப்பது. பானெட் என்பது அகலமான மெல்லிய தகடு. கொட்டுக்குத் தோல் கட்டிய மாதிரி. இன்ஜின் அடிக்கிற ஒவ்வொரு அடிக்கும் அதுவும் சேர்ந்து ஒலிக்கும். மெத்தை அந்த அதிர்வைக் கொஞ்சம் அடக்குகிறது. அதைவிட முக்கியம், இன்ஜினிலிருந்து மேலே வரும் சத்தம் தகட்டில் பட்டுத் திரும்புவதைக் குறைக்கிறது. பஞ்சு போன்ற பொருளின் நுண்துளைகளில் காற்று முன்னும் பின்னும் அசையும்போது இழைகளோடு உரசி, ஒலியின் ஆற்றல் மிகச் சிறு வெப்பமாக மாறிவிடுகிறது.

மாணவர்கள் ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒலியின் வேகம் விநாடிக்கு 340 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். 3400 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் 10 செ.மீ.; அதில் கால் பங்கு 2.5 செ.மீ. துளையுள்ள மெத்தையின் தடிமன் அலைநீளத்தில் கால் பங்கை நெருங்கும்போதுதான் அது நன்றாக வேலை செய்யும். இன்ஜெக்டரின் 'டிக் டிக்', டீசலின் 'கட கட' ஆகியவற்றில் இருக்கும் கீச்சுப் பகுதிகளை இது நன்றாகக் குடித்துவிடும். ஆனால் 100 ஹெர்ட்ஸ் உறுமலின் அலைநீளம் 3.4 மீட்டர், கால் பங்கு 85 செ.மீ. அவ்வளவு தடியான மெத்தையை எந்தக் காரில் வைப்பது? அதனால்தான் மெத்தை போட்ட பிறகும் உறுமல் கேட்கும், கிறீச்சிடல் மட்டும் குறையும். சில மாடல்களில் டீசல் வண்டிக்கு மெத்தை கொடுத்துவிட்டு, விலை குறைந்த பெட்ரோல் வண்டிக்குக் கொடுக்காமல் விடுவதும் இதனால்தான்.

இரண்டாவது வேலை சூட்டைத் தடுப்பது. அசையாமல் நிற்கும் காற்று வெப்பத்தை மிகக் குறைவாகவே கடத்தும். இரும்புத் தகடு அதைப்போல ஏறக்குறைய இரண்டாயிரம் மடங்கு கடத்தும். மெத்தைக்குள் அடைபட்ட காற்றுதான் இங்கே காவல்காரன். எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு பல நூறு டிகிரி சூட்டில் இருக்கும். அந்த அனல் பானெட் பெயிண்டை நேராகத் தாக்காமல் மெத்தை பார்த்துக்கொள்கிறது. சித்திரை வெயிலில் நிறுத்திய வண்டியின் பானெட் கொதிக்கிறதே என்றால், அது மேலிருந்து வரும் சூடு. அதற்கு மெத்தை பொறுப்பல்ல.

"சூடு உள்ளேயே நிக்குமே" என்ற கேள்விக்கு வருகிறேன். எரிபொருள் தரும் ஆற்றலில் மூன்றில் ஒரு பங்குதான் வேலையாகிறது என்று தோராயமாகச் சொல்வோம். மீதியில் பெரும் பகுதி புகைக்குழாய் வழியாகவும் ரேடியேட்டர் வழியாகவும் போய்விடுகிறது. பானெட் தகடு வழியே வெளியேறுவது சொற்பம். ஆகவே வால்பாறை மலைப்பாதையின் 40 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறும்போது வண்டி சூடானால், மெத்தையைக் குறை சொல்லாதீர்கள். கூலன்ட், ஃபேன், தெர்மோஸ்டாட், ரேடியேட்டரில் அடைத்த தூசி, இவற்றைப் பாருங்கள்.

மூன்றாவது விஷயம் தீ. இன்ஜினில் தீப்பிடித்தால் பிளாஸ்டிக் கிளிப்புகள் உருகி, மெத்தை போர்வை மாதிரி இன்ஜின் மேல் விழுந்து தீயை அமுக்கும் என்று சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். எளிதில் தீப்பற்றாத மெத்தையாக இருந்தால், சின்னத் தீக்கு அது ஓரளவு உதவலாம். அதை நம்பி வண்டிக்குள் உட்கார்ந்திருக்கக் கூடாது. புகை வந்தால் இன்ஜினை நிறுத்துங்கள், எல்லோரும் இறங்குங்கள், தள்ளி நில்லுங்கள். பானெட்டை முழுசாகத் திறக்காதீர்கள். திறந்தால் தீக்குக் காற்றை ஊட்டுகிற மாதிரி.

இங்கேதான் நான் சொல்ல வந்த முக்கியமான சங்கதி இருக்கிறது. தீயைத் தடுக்க வேண்டிய அதே மெத்தை, தவறான பொருளாக இருந்தால் தீக்குத் திரியாகிவிடும். பஸ்களுக்கான ஐக்கிய நாடுகளின் 107-ஆம் எண் விதி இதை அழகாகச் சொல்கிறது: எரியக்கூடிய பொருளையோ, எண்ணெயை உறிஞ்சக்கூடிய பொருளையோ சத்தம் தடுக்க இன்ஜின் அறைக்குள் வைக்கக் கூடாது, வைத்தால் எண்ணெய் புகாத உறை போட்டு மூடியிருக்க வேண்டும். ஃபோம் ஒட்டிக்கொண்டு வந்த ஒரு தேங்காய் வியாபாரியின் வண்டியைப் பார்த்தேன். ஃபோம் உருகித் தொங்கி, எக்ஸாஸ்டுக்கு நாலு விரல் உயரத்தில் நின்றது. "சத்தம் குறைஞ்சுது சார்" என்றார். "சத்தம் குறைஞ்சுதுங்க, ஆனா வண்டியே குறைஞ்சு போயிருக்கும்" என்றேன். அன்றைக்கே சுரண்டி எடுத்தோம்.

எனவே என் பதில் இதுதான். எலி கடித்துக் கழற்றியவரே, வண்டி ஓடும், பயப்பட வேண்டாம். ஆனால் உங்கள் மாடலுக்குரிய மெத்தையையே வாங்கி எல்லா கிளிப்பையும் போட்டு மாட்டுங்கள். சூட்டுக்குப் பயந்து எடுக்க நினைப்பவரே, எடுக்க வேண்டாம். எண்ணெயில் ஊறியதும், கிழிந்து தொங்குவதும் இருந்தால் உடனே மாற்றுங்கள். இன்ஜின் கழுவும்போது பிரஷர் தண்ணீரை மெத்தை மேல் அடிக்காதீர்கள்.

மாணவச் செல்வங்களுக்கு ஒரு வார்த்தை. இந்த மெத்தைகளில் கண்ணாடி இழையும் உண்டு. பழைய துணியைக் கிழித்துப் பஞ்சாக்கி, பிசின் சேர்த்து அழுத்திய ஃபெல்ட்டும் உண்டு. திருப்பூரில் பனியன் வெட்டுத் துணி மலையாய்க் குவிகிறது. பொள்ளாச்சியில் தென்னை நார் குவிகிறது. வண்டியும் துணியும் நாரும் ஐம்பது மைல் சுற்றளவில் கிடைக்கிற ஊர் நம்முடையது. தீப்பற்றாமல், எண்ணெய் குடிக்காமல், எலிக்கும் பிடிக்காமல் ஒரு ஃபெல்ட் செய்ய முடியுமா என்று பாருங்கள். நீலம்பூரில் பி.எஸ்.ஜி. தொழில்நுட்பக் கல்லூரியின் தொழில்துறைத் துணிகளுக்கான மையம் இருக்கிறது. கதவைத் தட்டிக் கேளுங்கள். கடைசி வருஷ புராஜெக்டுக்கு இதைவிட நல்ல தலைப்பு வேண்டுமா?