பந்திக்குக் கணக்கு கிடையாது

(ஆண்டு விழாவில் கூட்டமைப்புத் தலைவி பேசியது)



லூக்கா சுவிசேஷம் 14-ஆம் அதிகாரத்தில் ஒரு விருந்து வருது. வந்தவங்க முதல் இடத்தைத் தேடிப் பிடிக்கிறாங்க. அதைப் பார்த்த இயேசு, கடைசி இடத்தில் போய் உட்காரச் சொன்னார். விருந்து வைத்தவரிடம், பதிலுக்குச் செய்ய முடியாத ஏழைகளைக் கூப்பிடச் சொன்னார். சின்ன வயசிலிருந்து கேட்டதுதான். ஆனா எனக்கு அது உறைத்தது போன வருஷம் எங்க கோயில் அசனத்தில்.

மற்ற மதத்துச் சகோதரிகளுக்காகச் சொல்றேன். அசனம்னா சபையார் எல்லாரும் வரிசையா உட்கார்ந்து ஒரே சோறு சாப்பிடுறது. அன்னைக்கு நான் தலைவின்னு சொல்லி, முக்கியமானவங்களுக்குப் போட்ட மேசையில் இடம் கேட்டு வாங்கி உட்கார்ந்தேன். எதிர்ப் பந்தியில் நம்ம குழுச் சகோதரி ஒருத்தி. மூணு தவணை பாக்கி. என்னைப் பார்த்ததும் இலையை விட்டு எழுந்து போயிட்டா. முந்தின கூட்டத்தில் எல்லார் முன்னாலும் நான் கேட்ட கேள்வி அப்படி. அதுக்கப்புறம் எனக்குச் சோறு இறங்கலை.

மறுநாள் மீன்குழம்பு வைத்து எடுத்துக்கிட்டு அவ வீட்டுக்குப் போனேன். பாய் விரித்தா. கருப்பட்டிக் காப்பி போட்டா. இருந்த ஒரு டம்ளரை எனக்குக் கொடுத்துட்டு, அவ கிண்ணத்தில் குடித்தா. "அக்கா, நீங்க எங்க வீட்டுக்கு வந்ததே இல்லையே" என்றாள். மகனுக்கு ஆஸ்பத்திரிச் செலவு என்பது அன்னைக்குத்தான் எனக்குத் தெரியும். விருந்து கொடுக்கப் போன எனக்கு அவதான் விருந்து கொடுத்தா.

கடனுக்குக் கணக்கு வேணும். அது எல்லாருடைய சேமிப்பு. அடுத்த கூட்டத்தில் அவளே நிலைமையைச் சொன்னா; பாக்கியைச் சிறுகச் சிறுகக் கட்டலாம்னு தீர்மானம் எழுதினோம். ஆனா பந்திக்குக் கணக்கு கிடையாது. பாஸ்புக்கைப் பார்த்து யாருக்கும் இலை போடக் கூடாது. நான் ரெண்டையும் ஒண்ணாக்கிட்டேன்.

அதனால இன்னைக்கு மதியம் நிர்வாகிகள் நாங்க பரிமாறுறோம். கடைசிப் பந்தியில் சாப்பிடுறோம். நீங்களும் ஒண்ணு செய்யுங்க. உங்க குழுவில் கூட்டத்துக்கு வராத சகோதரி இருந்தா, இந்த வாரம் அவங்க வீட்டுக்குப் போங்க. பாக்கி கேட்க இல்லை. பாயில் உட்கார்ந்து ஒரு வாய் காப்பி குடிக்க.