அறிந்தவனைத் தண்டிக்கும் சட்டம்



1989-ஆம் ஆண்டு, கோவாவில் டொமினிக் டிசோசா என்ற இளைஞரைப் போலீஸார் பிடித்துச் சென்றார்கள். அவர் களவு செய்தவரல்லர், கலகம் செய்தவருமல்லர். பிறர் உயிர் காக்க ரத்ததானம் செய்வதை வழக்கமாகக் கொண்டிருந்த அவருடைய ரத்தத்தில் எச்.ஐ.வி. கிருமி காணப்பட்டது என்பது ஒன்றே காரணமாக, அந்த ராஜ்யத்துப் பொதுச் சுகாதாரச் சட்டம் அவரைப் பாழடைந்த காசநோய் விடுதியொன்றில் 64 நாள் காவலில் வைத்தது. பெற்ற தாய் உயர் நீதிமன்றத்தின் படியேறி முறையிட்டும், அச்சட்டம் செல்லும் என்றே தீர்ப்பாயிற்று. வெளியே வந்தவர் தம்மைப் போன்றோருக்காக ஒரு சங்கத்தை நிறுவி உழைத்து, 1992-இல் காலமானார்.

கோவாச் சட்டத்தினும் மிகப் பழையதும், இன்றளவும் உயிரோடிருப்பதுமான வேறொரு சட்டத்தைக் குறித்தே நான் இங்கு பேச வந்தேன். வியாதிகளுக்குக் கிருமிகளே காரணம் என்பதை வைத்திய உலகம் ஒப்புக்கொள்ளாதிருந்த 1860-இல் வெள்ளைக்காரத் துரைத்தனம் இயற்றிய இந்திய தண்டனைச் சட்டம், உயிருக்கு ஆபத்தான தொற்றுவியாதியைப் பரப்பக்கூடியதென்று அறிந்த ஒரு செயலை அஜாக்கிரதையாகச் செய்தவனுக்கு ஆறு மாதம் வரையிலும், துவேஷத்தால் செய்தவனுக்கு இரண்டு வருஷம் வரையிலும் சிறை விதித்தது. வியாதி எவருக்கேனும் உண்மையில் தொற்றியதென்று நிரூபிக்கவும் வேண்டியதில்லை. தமக்கு எச்.ஐ.வி. தொற்று உள்ள இரகசியத்தை மருத்துவமனை வெளியிட்டதால் விவாகம் நின்றுபோன ஒருவர் நியாயம் கேட்டு வந்த வழக்கில், 1998-இல் உச்ச நீதிமன்றம் இந்த 269, 270-ஆம் பிரிவுகளையே எடுத்துக்காட்டி, அத்தகையோர் விவாகம் செய்வதே குற்றமாகும் என்ற கருத்துப்படக் கூறிற்று. அப்படிக் கூறியது அவசியமற்றதென்று 2002-இல் அந்நீதிமன்றமே திருத்திக்கொண்டது நம் பாக்கியம். பிரிவுகளோ திருந்தவில்லை. இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை முதல் தேதி அமலுக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் 271, 272 என்ற புதிய எண்களோடு, அதே தண்டனையோடு அவை மீண்டும் வந்து அமர்ந்துவிட்டன.

இதன் விபரீதத்தைச் சற்றே சிந்தியுங்கள். மாவட்ட மருத்துவமனையின் ஒரு மூலையில் எச்.ஐ.வி. பரிசோதனை செய்யும் நம்பிக்கை மையத்தின் வாசலில், உள்ளே போவதா, வந்த வழியே திரும்புவதா என்று தயங்கி, தோள்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே நிற்கிறான் ஒரு லாரி ஓட்டுநர். துணிந்து உள்ளே சென்று, கையை நீட்டி ரத்தம் கொடுத்து, முடிவைக் கேட்டுத் தெரிந்துகொண்டால், அந்தக் கணம் முதல் சட்டத்தின் கண்ணில் அவன் 'அறிந்தவன்', நாளை குற்றவாளியாகத்தக்கவன். திரும்பிப் போய்விட்டாலோ அவன் ஒன்றும் அறியாதவன், ஆகவே நிரபராதி! பரிசோதனைக்கு வருகிறவனை அச்சுறுத்தி, வராதவனுக்கு அபயம் தருகிற ஒரு சட்டம், பொதுஜன சுகாதாரத்துக்கு எவ்வகையில் காவலாகும்?

1860-இல் இல்லாத ஞானம் இன்று நம்மிடம் இருக்கிறது. 2004 ஏப்ரல் முதல், தாம்பரம் நெஞ்சக மருத்துவமனை உள்ளிட்ட சில இடங்களில் தொடங்கி, சர்க்கார் எச்.ஐ.வி.க்கான கூட்டு மருந்துச் சிகிச்சையை இலவசமாக வழங்கி வருகிறது. தவறாமல் மாத்திரை உட்கொண்டு, ரத்தத்தில் கிருமியின் அளவு கண்டுபிடிக்க இயலாதபடி அடங்கியவரிடமிருந்து தாம்பத்திய உறவால் அது தொற்றுவதில்லை. ஐரோப்பாவில் தம்பதிகளை வருஷக்கணக்கில் கவனித்து 2016-லும் 2019-லும் வெளியான ஆராய்ச்சி முடிவுகளில், அவ்வாறு தொற்றியதாக ஒரு சம்பவம்கூடக் காணப்படவில்லை. ஜிம்பாப்வே, எச்.ஐ.வி.க்கென்றே வைத்திருந்த தண்டனைப் பிரிவை 2022-இல் நீக்கிவிட்டது. நம் பாராளுமன்றமும் 2017-இல், இந்நோயாளரை வேலையிலும் பள்ளியிலும் மருத்துவமனையிலும் ஒதுக்கலாகாது, சம்மதமின்றிப் பரிசோதிக்கலாகாது என்று உன்னதமானதொரு சட்டத்தை இயற்றிற்று. ஒரு கையால் அபயம் அளித்த அந்தச் சபையே மறு கையால் பழைய விலங்கை எடுத்து வைப்பது தகுமா?

ஆகையால், இந்தச் சபையிலுள்ள வழக்கறிஞர்களையும், சட்டசபை, பாராளுமன்ற அங்கத்தினர்களையும் வேண்டுகிறேன்: 271-ஆம் பிரிவு எச்.ஐ.வி.க்குப் பொருந்தாது என்றும், கெடுநோக்கும் உண்மையில் தொற்றிய தீங்கும் இரண்டுமே ருசுவானாலன்றி 272-ஆம் பிரிவு பாயலாகாது என்றும் திருத்த மசோதா ஒன்றை வரைந்து, பாராளுமன்றத்தின் வரும் கூட்டத் தொடரிலேயே கொண்டுவர முயலுங்கள்.